பக்கவாத ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பக்கவாதப் பிரிவில் புதிதாகப் பணிக்குச் சேரும் செவிலியர், இயன்முறை மருத்துவம் பயிலும் மாணவர், ஆய்வுத் திட்டம் ஒன்றில் விவரம் சேகரிக்க நியமிக்கப்பட்டவர், வீட்டில் ஒருவர் கை கால் விழுந்து படுத்த பிறகு அந்த நோயைப் பற்றி ஆழமாக அறிய விரும்பும் மகன் அல்லது மகள் என யாராக இருந்தாலும், ஏதோ ஒரு கட்டத்தில் ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. முதல் பக்கத்திலேயே எண்களும் விகிதங்களும் வரிசைகட்டி நிற்பதைப் பார்த்ததும், பெரும்பாலோர் சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்தக் கடைசி வரியை நம்பலாமா, நம்பினால் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கும் நிலைக்கு வருவதற்கான படிகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் குறிப்பிடும் ஆய்வுகளின் சுருக்கங்களை, மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் (PubMed) இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக் கட்டுரை என்பது பல நூறு நோயாளிகளின் சராசரியைப் பற்றிப் பேசுவது. உங்கள் வீட்டு நோயாளியின் மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம்.

முதல் படி: எந்தப் பக்கவாதம் என்று பாருங்கள்

பக்கவாதம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் அடங்கியிருக்கின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டு வருவது ஒன்று. இரத்தக்குழாய் வெடித்துக் கசிவு ஏற்படுவது மற்றொன்று. பெரும்பாலான நாடுகளில் அடைப்பு வகையே கூடுதல். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டிலும் வாய் கோணுகிறது, கை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது, சி.டி. போன்ற ஸ்கேன் எடுத்தால்தான் வேறுபாடு தெரியும். அடைப்புக்குத் தரும் கட்டி கரைக்கும் மருந்து கசிவு உள்ளவருக்கு உயிராபத்தாகும் என்பதால், ஒரு ஆய்வில் எந்த வகை நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள், எல்லோருக்கும் ஸ்கேன் எடுக்கப்பட்டதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே அடுத்த பத்திக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: முடிவை அளந்த கோலை முதலில் பாருங்கள்

புதியவர்கள் கட்டுரையை முன்னுரையிலிருந்து படிக்கத் தொடங்கிக் களைத்துப் போகிறார்கள். நான் பரிந்துரைப்பது வேறு வழி: ‘நல்ல விளைவு’ என்று ஆய்வாளர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதை முதலில் தேடிப் பிடியுங்கள். பக்கவாத ஆய்வுகளில் அது பெரும்பாலும் திருத்திய ராங்கின் அளவுகோலாக இருக்கும். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் ராங்கின் 1957-இல் வெளியிட்ட அளவுகோல் பின்னர் திருத்தப்பட்டு, இன்று 0 முதல் 6 வரை எண்ணப்படுகிறது. 0 என்றால் எந்த அறிகுறியும் இல்லை. 1 என்றால் அறிகுறி ஏதோ இருக்கிறது, ஆனால் வழக்கமான வேலைகள் எல்லாவற்றையும் செய்ய முடிகிறது. 2 என்றால் முன்பு செய்த எல்லாவற்றையும் செய்ய முடியாவிட்டாலும், தம் காரியங்களைப் பிறர் உதவியின்றிப் பார்த்துக்கொள்கிறார். 3 என்றால் சில உதவிகள் தேவை, ஆனால் தாமாக நடக்கிறார். 4 என்றால் பிடித்துக்கொள்ள ஆளின்றி நடக்க முடியாது. 5 என்றால் படுக்கையோடு இருக்கிறார். 6 என்றால் மரணம்.

இந்த ஏழு நிலைகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒரு ஆய்வில் 0 முதல் 1 வரை நல்ல விளைவாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கும். இன்னொன்றில் 0 முதல் 2 வரை. இரண்டு ஆய்வுகளின் சதவீதங்களை ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்து ஒப்பிடுவதற்கு முன், இரண்டும் ஒரே கோட்டில்தான் வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எந்த நாளில் அளந்தார்கள் என்பதும் முக்கியம். பக்கவாதத்திலிருந்து மீள்வது வாரக்கணக்கில் நடப்பது என்பதால், பல ஆய்வுகள் 90-ஆம் நாளில் அளக்கின்றன. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் அளந்த எண்ணை அதோடு ஒப்பிடுவது பொருந்தாது.

இந்த அளவுகோல் காகிதத்தில் தெளிவாக இருக்கும் அளவுக்கு வீட்டு வாசலில் தெளிவாக இருப்பதில்லை. மூன்றாம் மாத விசாரணைக்காக ஒரு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மருமகள் எடுத்தார். “மாமா நல்லா இருக்காருங்க, எல்லாம் நாங்கதான் பார்த்துக்கறோம்” என்றார். குளிப்பதைப் பற்றிக் கேட்டேன். “வெந்நீர் எடுத்து வெச்சிடுவேன், அவரே குளிச்சுக்குவார்” என்றார். கடைத்தெருவுக்குப் போவாரா என்று கேட்டபோது, “நாங்க விடமாட்டோங்க” என்று பதில் வந்தது. நீங்கள் விட்டால் அவரால் போய்வர முடியுமா என்று மறுபடி கேட்ட பிறகு, சிறிது நேரம் யோசித்து, “போய்ட்டு வந்துடுவார்னுதான் நினைக்கறேன்” என்றார். முதல் பதிலோடு நான் நிறுத்தியிருந்தால் அவர் 3 என்று பதிவாகியிருப்பார். கடைசிப் பதிலைக் கேட்ட பிறகு 2 என்று பதிந்தேன். ‘நல்ல விளைவு’ என்ற பெட்டியின் உள்ளேயா வெளியேயா என்பதை அந்த ஒரு கேள்வி மாற்றிவிட்டது. செய்ய விடாமல் அன்பாகப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தில், முடியுமா என்பதும் செய்கிறாரா என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். அதேபோல், நோய்க்கு முன்பும் அடுப்படிப் பக்கமே போகாத ஆண் ஒருவர் இப்போது சமைப்பதில்லை என்பதை இழப்பாகக் கணக்கிட முடியாது. அன்றாடம் பத்துப் பேருக்குச் சமைத்த பெண் ஒருவர் இப்போது கத்தியைப் பிடிக்க முடியாமல் இருப்பது பெரிய இழப்பு. ஆகவே அளவுகோலைப் பயன்படுத்தியவர்கள் அதற்கான பயிற்சி பெற்றவர்களா, நோயாளி எந்தச் சிகிச்சைக் குழுவில் இருந்தார் என்று தெரியாமல் மதிப்பிட்டார்களா என்பதைக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் தேடுங்கள்.

மூன்றாம் படி: கடிகாரம் எப்போது ஓடத் தொடங்கியது

1995-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஆல்டெப்ளேஸ் என்ற கட்டி கரைக்கும் மருந்தைத் தந்தால் பயன் உண்டு என்று காட்டியது. 2008-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு அந்த எல்லையை 4.5 மணி நேரமாக நீட்டியது. இவ்வளவு இறுக்கமான எல்லைகள் உள்ள துறையில், ‘தொடங்கிய நேரம்’ என்ற சொல்லின் பொருள் என்ன என்பதை உறுதிசெய்யாமல் எந்தக் கட்டுரையையும் படிக்க முடியாது. விதி இதுதான்: நோயாளியை அறிகுறியோடு கண்டுபிடித்த நேரத்தைக் கணக்கில் கொள்ளக்கூடாது, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்தையே கொள்ள வேண்டும்.

அவசரப் பிரிவில் மனைவி சொல்கிறார்: “காலையில அஞ்சு மணிக்குக் காபி கொடுக்கப் போனப்பதாங்க பார்த்தேன், ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கிடந்தார்.” படுத்தது இரவு பத்து மணிக்கு. கணக்குப்படி ஏழு மணி நேரம் ஓடிவிட்டது. ஆனால், “ராத்திரி நடுவுல எழுந்தாராம்மா?” என்று ஒருவர் கேட்டால், “மூணு மணிக்குப் பாத்ரூம் போய்ட்டு வந்தார், நல்லாத்தான் நடந்து வந்தார்” என்று அதே மனைவி சொல்லக்கூடும். கடிகாரம் பத்து மணியிலிருந்து மூன்று மணிக்கு நகர்ந்துவிடுகிறது, நோயாளி 4.5 மணி நேர எல்லைக்குள் வந்துவிடுகிறார். விவரம் சேகரிக்கும் பணியில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் படிவத்தை நிரப்பக்கூடாது. பெரிய இரத்தக்குழாய் அடைபட்டவருக்குச் சராசரியாக ஒரு நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. ஆகையால் அறிகுறி தெரிந்தவுடன் 108-ஐ அழைப்பதும், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைத் தாளில் குறித்துக் கையோடு கொண்டுவருவதும் வீட்டார் செய்ய வேண்டியவை.

நான்காம் படி: யார் கணக்கில் வந்தார்கள், யார் விடுபட்டார்கள்

மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணும் ஆய்வு, வர முடியாதவர்களைப் பற்றி எதுவும் சொல்லாது. வீட்டிலேயே இறந்தவர், நாட்டு வைத்தியரிடம் போனவர், லேசாக வந்து தானே சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டவர் ஆகிய மூவரும் அந்தக் கணக்கில் இருக்கமாட்டார்கள். இதைச் சரிசெய்யவே உலக சுகாதார நிறுவனம் மூன்று நிலைகளில் தேடும் முறையை வகுத்தது: முதலில் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், அடுத்து ஊரில் பக்கவாதத்தால் இறந்தவர்கள், மூன்றாவதாக மருத்துவமனைக்கே வராமல் உயிரோடு இருப்பவர்கள்.

இதற்கு நம் பக்கத்திலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. திருவனந்தபுரம் பக்கவாதப் பதிவேட்டின் முடிவுகள் 2009-இல் வெளியாயின. நகரத்தையும் அதை ஒட்டிய கிராமப் பகுதியையும் தனித்தனியாக எண்ணினார்கள். ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் நகரத்தில் 135 பேருக்கும் கிராமத்தில் 138 பேருக்கும் பக்கவாதம் வந்தது. அதாவது நோய் வருவதில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் 28 நாட்களுக்குள் இறந்தவர்களின் பங்கு நகரத்தில் 24.5 சதவீதம், கிராமத்தில் 37.1 சதவீதம். இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி, சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். நோய் சமமாக வந்திருக்கிறது. மரணம் சமமாக வரவில்லை. கிராமத்து நோயாளிகள் எங்கே விடுபட்டார்கள், எவ்வளவு தாமதமாகச் சிகிச்சைக்கு வந்தார்கள், மருத்துவமனைக்கு வராத லேசான நோயாளிகள் கிராமத்தில் குறைவாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கக்கூடுமா என்ற கேள்விகள் தாமாகவே எழும். எழுந்தால் நீங்கள் ஆய்வாளரைப் போலப் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

இங்கேயே நோயின் தீவிரத்தையும் கவனியுங்கள். இரண்டு மருத்துவமனைகளின் இறப்பு விகிதத்தை ஒப்பிடும் கட்டுரையில், நோயாளிகள் வந்து சேர்ந்தபோது எவ்வளவு மோசமாக இருந்தார்கள் என்ற தகவல் இல்லாவிட்டால் அந்த ஒப்பீட்டை ஏற்க வேண்டாம். தீவிரத்தை அளக்க 0 முதல் 42 வரையிலான அமெரிக்கத் தேசிய நலக் கழகத்தின் பக்கவாத அளவுகோல் பரவலாகப் பயன்படுகிறது. அதில் பேச்சு, மொழி சார்ந்த கேள்விகளுக்குக் கணிசமான மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருப்பதால், பெரும்பாலோருக்கு மொழி இருக்கும் இடப்பக்க மூளை பாதிக்கப்பட்டால் எண் கூடும். வலப்பக்கம் அதே அளவு பாதிக்கப்பட்டாலும் எண் குறைவாகவே காட்டும்.

ஐந்தாம் படி: ஆபத்துக் காரணியின் வலிமை வேறு, பங்கு வேறு

எந்தப் பழக்கம், எந்த நோய் பக்கவாதத்துக்கு வழிவகுக்கிறது என்று ஆராயும் கட்டுரைகளில் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். இன்டர்ஸ்ட்ரோக் என்ற பன்னாட்டு ஆய்வை எடுத்துக்கொள்வோம். 2016-இல் வெளியான அதன் முழு முடிவுகளில் 32 நாடுகளைச் சேர்ந்த 13,447 பக்கவாத நோயாளிகளும், பக்கவாதம் இல்லாத 13,472 பேரும் ஒப்பிடப்பட்டார்கள். உயர் இரத்த அழுத்தம் இருப்பவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு, இல்லாதவரோடு ஒப்பிட்டால் 2.98 மடங்கு. அடைப்பு நோய்க்குக் காரணமாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) போன்ற இதயக் கோளாறுகள் இருப்பவருக்கு 3.17 மடங்கு. இந்த எண்களை மட்டும் பார்த்தால் இதயக் கோளாறே சற்று வலிமையானது என்று தோன்றும். ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு நிரல் இருக்கிறது: அந்தக் காரணி மக்களிடம் அறவே இல்லாதிருந்தால் மொத்தப் பக்கவாதங்களில் எத்தனை சதவீதம் நேராதிருந்திருக்கும் என்ற மதிப்பீடு. இரத்த அழுத்தத்துக்கு அது 47.9 சதவீதம், இதயக் கோளாறுகளுக்கு 9.1 சதவீதம். மடங்கு ஏறத்தாழ ஒன்றுதான் என்றாலும் பங்கில் ஐந்து மடங்கு வேறுபாடு வருவதற்குக் காரணம், இரத்த அழுத்தம் தெருவுக்குத் தெரு இருக்கிறது; இதயக் கோளாறு அவ்வளவு பேருக்கு இல்லை. தனி நோயாளியிடம் பேசும்போது முதல் எண் உதவும். ஊர் முழுவதற்கும் திட்டம் தீட்டும்போது இரண்டாம் எண்ணே உதவும்.

இந்த ஆய்வு கணக்கில் எடுத்த பத்துக் காரணிகளின் பங்குகளைக் கூட்டினால் 100-ஐத் தாண்டிவிடும். ஆனால் பத்தும் சேர்ந்து ஏறத்தாழ 90 சதவீதம் என்றே கட்டுரை சொல்கிறது. இதைப் பார்த்துப் பிழை என்று எண்ண வேண்டாம். ஒரே ஆளிடம் இரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் பருத்த இடுப்பும் சேர்ந்தே இருக்கலாம். அவருடைய பக்கவாதம் மூன்று கணக்கிலும் எண்ணப்படுகிறது.

இவ்வகை ஆய்வில் நோய் வந்த பிறகே பின்னோக்கி விசாரிக்கிறார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. பேச முடியாத நோயாளிக்குப் பதில் உறவினர் சொல்கிறார். கணவர் ஒரு நாளைக்கு எத்தனை பீடி பிடிப்பார் என்று மனைவிக்கு எவ்வளவு சரியாகத் தெரியும்? மருத்துவமனைக்கு வரும் முன்பே இறந்தவரிடம் கேட்க வழியே இல்லை. பக்கவாதம் வந்த உடனேயே இரத்த அழுத்தம் தானாக ஏறுவதும் உண்டு. ஆகவே சேர்க்கும்போது அளந்த ஒரே எண்ணை வைத்து, முன்பே அழுத்தம் இருந்தது என்று முடிவு செய்யும் கட்டுரையை எச்சரிக்கையோடு படியுங்கள். இதற்கு மாறாக, நலமாக இருப்பவர்களைச் சேர்த்து ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் முறையும் உண்டு. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 1948-இல் தொடங்கிய ஆய்வு அத்தகையது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு என்ற கணக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆறாம் படி: சிகிச்சை ஆய்வில் பயனையும் கேட்டையும் ஒரே நாணயத்தில் எண்ணுங்கள்

முன்பு சொன்ன 1995-ஆம் ஆண்டு ஆய்வுக்குத் திரும்புவோம். 624 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, ஒரு பகுதியினருக்கு ஆல்டெப்ளேஸும் மறுபகுதியினருக்கு மருந்தற்ற ஊசியும் தரப்பட்டன. ஆய்வின் இரண்டாம் பகுதியில், மூன்று மாதம் கழித்து ராங்கின் அளவில் 0 அல்லது 1 என்ற நிலையை அடைந்தவர்கள் மருந்துக் குழுவில் 39 சதவீதம், மற்றதில் 26 சதவீதம். ‘ஒன்றரை மடங்கு’ என்று சொன்னால் காதுக்குப் பெரிதாக இருக்கும். நூறு பேரில் 13 பேர் கூடுதலாக மீண்டார்கள், அதாவது ஏறத்தாழ எட்டுப் பேருக்கு மருந்து தந்தால் ஒருவர் கூடுதலாக மீள்வார் என்று சொல்வதுதான் குடும்பத்தாருக்குப் புரியும் கணக்கு. இப்போது கேட்டையும் அதே கணக்கில் வையுங்கள்: அறிகுறியோடு கூடிய மூளைக் கசிவு மருந்துக் குழுவில் 6.4 சதவீதம், மற்றதில் 0.6 சதவீதம், நூறு பேரில் ஆறு பேருக்குக் கூடுதல். மூன்று மாத இறப்பு 17 சதவீதமும் 21 சதவீதமும். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான். ஆக, இந்த ஆய்வு காட்டியது ஊனம் குறைவதை. உயிர் காக்கும் மருந்து என்று இதைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டால் அது ஆய்வு சொன்னதைத் தாண்டிய பேச்சாகும். பயனை மடங்கிலும் கேட்டைச் சதவீதத்திலும் தரும் கட்டுரையைப் பார்த்தால், பேனாவை எடுத்து இரண்டையும் நூறு பேர் கணக்குக்கு நீங்களே மாற்றி எழுதுங்கள்.

ஒப்பீட்டுக் குழுவுக்கு உண்மையில் என்ன செய்தார்கள் என்பதும் இதே படியில் வரும். நோயாளியை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி உட்கார வைத்து நடக்க விடுகிறோமோ அவ்வளவு நல்லது என்று பலரும் நம்பியிருந்த காலத்தில், அவெர்ட் என்ற ஆய்வு 2015-இல் வெளியானது. 2,104 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே தொடங்கி அடிக்கடி எழுப்பி நடக்கவைத்த குழுவில் 46 சதவீதம் பேர் மூன்று மாதத்தில் நல்ல விளைவை அடைந்தார்கள். வழக்கமான கவனிப்புக் குழுவில் 50 சதவீதம். சீக்கிரம் எழுப்புவது தீங்கு என்று இதைப் படித்தவர்கள் உண்டு. ஆனால் வழக்கமான குழுவினரும் சராசரியாக 22.4 மணி நேரத்தில் எழுப்பப்பட்டிருந்தார்கள், மற்றவர்கள் 18.5 மணி நேரத்தில். இரண்டு குழுக்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முதல் நாளிலேயே எழுந்தவர்கள்தான். வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தி வைப்பதற்கு ஆதரவாக இந்த ஆய்வை யாராவது எடுத்துக்காட்டினால் அது தவறு என்று தயங்காமல் சொல்லலாம்.

கவனிப்பைப் பற்றிய ஆய்வுகளில் நான் எல்லோரையும் படிக்கச் சொல்வது ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பக்கவாதப் பிரிவுகளில் நடந்து 2011-இல் வெளியான ஒன்று. அதில் புதிய மருந்தோ கருவியோ இல்லை. காய்ச்சல், இரத்தச் சர்க்கரை, விழுங்கும் திறன் ஆகிய மூன்றையும் செவிலியர்கள் வகுத்த முறைப்படி கவனித்தார்கள். வாயில் ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே விழுங்க முடிகிறதா என்று சோதித்தார்கள். 90 நாளில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் சேர்ந்து அந்தப் பிரிவுகளில் 42 சதவீதம், மற்றவற்றில் 58 சதவீதம். இங்கே குலுக்கிப் பிரிக்கப்பட்டவை மருத்துவமனைப் பிரிவுகள். தனி நோயாளிகள் குலுக்கப்படவில்லை. ஒரே பிரிவில் பாதிப் பேருக்கு மட்டும் நல்ல கவனிப்பைத் தரச் செவிலியரிடம் சொல்ல முடியாது அல்லவா?

ஏழாம் படி: ‘வேறுபாடு இல்லை’ என்ற முடிவை முழுதாகப் படியுங்கள்

இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் நடந்த அட்டெண்ட் ஆய்வு 2017-இல் வெளியானது. இயன்முறை மருத்துவர் போதாத நாட்டில், வீட்டிலிருக்கும் ஒருவருக்கே பயிற்சி தந்து நோயாளிக்கு மறுவாழ்வுப் பயிற்சிகளைச் செய்யவைத்தால் பயன் உண்டா என்று 1,250 நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆறாம் மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருந்தவர்களும் இரண்டு குழுக்களிலும் 47 சதவீதம். இரு குழுக்களையும் ஒப்பிடும் வாய்ப்பு விகிதம் 0.98 (1 என்றால் இரண்டும் சமம்), அதன் நம்பக இடைவெளி, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லை, 0.78 முதல் 1.23 வரை. 1 என்ற எண் இடைவெளிக்குள் இருப்பதால் வேறுபாடு நிறுவப்படவில்லை. இடைவெளியின் இரு நுனிகளையும் பாருங்கள்: ஓரளவு நன்மையும் ஓரளவு தீமையும் இன்னும் இந்த ஆய்வால் விலக்கப்படவில்லை.

இந்த முடிவைக் கேட்ட பராமரிப்பாளர் ஒருவர், இரவும் பகலும் தான் செய்ததெல்லாம் வீண்தானா என்று என்னிடம் வருத்தத்தோடு கேட்டார். இல்லை. வழக்கமாக எல்லோருக்கும் கிடைத்த சிகிச்சையோடு அந்தக் குறிப்பிட்ட பயிற்சித் திட்டத்தைச் சேர்த்தபோது கூடுதல் பயன் தெரியவில்லை என்பதே ஆய்வு சொன்னது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களையும் வீட்டில் குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்கவைத்தவர்கள் குடும்பத்தார்தான். அவர்கள் இல்லாத குழு ஒன்று இந்த ஆய்வில் இருக்கவே இல்லை.

எட்டாம் படி: பதிவையும் விடுபட்டவர்களையும் சரிபாருங்கள்

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகள் 2007-இல் தொடங்கப்பட்ட தேசிய ஆய்வுப் பதிவேட்டில் பதியப்படுகின்றன. 2009 முதல் மருந்துச் சோதனைகளுக்கு இது கட்டாயம். ஆய்வு எண்ணைக் கொண்டு பதிவைத் திறந்து, முதன்மை விளைவாக, அதாவது ஆய்வு முக்கியமாக அளக்கப்போவதாக, முன்பு அறிவித்ததும் கட்டுரையில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு, சேர்ந்தவர்களில் எத்தனை பேரிடம் கடைசி மதிப்பீடு எடுக்க முடியவில்லை என்று பாருங்கள். அட்டெண்ட் ஆய்வில் 1,250 பேரில் 1,212 பேரின் விளைவு தெரிந்திருந்தது. இவ்வளவு பெரிய நாட்டில் இது மெச்சத்தக்க வேலை.

முதல் பயிற்சியாகத் திருவனந்தபுரம், அட்டெண்ட் ஆகிய இரண்டின் சுருக்கங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் பக்கத்தில், எந்த வகைப் பக்கவாதம், யாரை எண்ணினார்கள், எந்த நாளில் எந்தக் கோலால் அளந்தார்கள், நூறு பேர் கணக்கில் வேறுபாடு எவ்வளவு, எத்தனை பேர் விடுபட்டார்கள் என்று ஐந்து வரிகளில் எழுதுங்கள். ஆய்வாளர்களின் முடிவுரையை மறைத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு அதைத் திறந்து, உங்கள் ஐந்து வரிகளோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.